பழஞ்சேலைப் போர்வை: அம்மாபேட்டையில் தைத்து ஏற்காட்டில் போர்த்தியது

ஏற்காட்டில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் என் அக்காவுக்குக் கடைக் கம்பளிகள் என்றாலே ஆகாது. நாகலூர் போகும் வழியில் இருக்கும் அவருடைய வீட்டைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்கள் நெருங்கி நிற்பதால், வெயில் முற்றத்தில் இறங்குவதற்கே பத்து மணியாகிவிடும். அந்த வீட்டில் கனத்த மிங்க் கம்பளியை ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்துப் போட்டால் நான்கு நாளானாலும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். காய்ந்ததைப் போர்த்தினாலோ நடுச்சாமத்தில் வேர்க்கும் என்பது அவருடைய நெடுநாள் புகார். சென்ற ஆடி மாதம் சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, அம்மாவின் நூல் சேலைகள் பதினொன்று ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன. அம்மா நன்றாகவே இருக்கிறார். எழுபத்தெட்டு வயதில் நைட்டிக்கு மாறிவிட்டார், அவ்வளவுதான். பெரும்பாலும் கோ-ஆப்டெக்ஸில் வாங்கிய, துவைத்துத் துவைத்து மெழுகுபோல் இழைந்துபோன அந்தச் சேலைகளைப் போர்வையாகத் தைத்துத் தரச் சொல்லி அக்கா கேட்டதால்தான், அம்மாபேட்டையில் இயங்கும் ஒரு தையல் குழுவிடம் போய்ச் சேர்ந்தேன். இரண்டு போர்வைகளை வாங்கி ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது ஆண்டுகள் தையல் கடை வைத்திருந்தவர். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. தர்மத்துக்காகத் தைக்கும் குழு என்று கேள்விப்பட்டபோது உண்மையில் எனக்குத் தயக்கமே வந்தது. நல்ல காரியம் என்ற ஒரே தகுதியில், கோணல் தையலையும் தொங்கும் நூலையும் யாரும் குறை சொல்லாமல் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. வாங்குகிறவர் ஏழையாகவோ நோயாளியாகவோ இருந்துவிட்டால் அவர் வாய் திறக்கவே மாட்டார். ஆகவே இந்தக் குழுவின் வேலையை, கூலி கொடுத்துத் தைக்கச் சொன்ன ஒரு வேலையை எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் பார்த்தேன்.

குழுவுக்குப் பெயர்ப்பலகை இல்லை. கையில் இருக்கும் வேலையையே முடிக்க முடியவில்லை என்பதால் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அம்மாபேட்டையில் நூல் சேலை வியாபாரம் செய்கிறவர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள். புதன், சனி ஆகிய இரண்டு நாள்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கூடுகிறார்கள். கூடும் வீடு முன்பு நெசவாளர் வீடாக இருந்தது. கூடத்தின் நடுவில் குழித்தறி இருந்த பள்ளத்தைப் பலகையால் மூடி, அதன்மேல் வெட்டு மேசையைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மிஷின் ஓடும்போது அந்தப் பலகை அடியிலிருந்து மத்தளம்போல் அதிர்கிறது. பதினான்கு பெண்கள், ஓர் ஆண். அந்த ஒருவர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர். குழுவை நடத்துபவர் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவர். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை டீச்சரம்மா என்றுதான் அழைக்கிறார்கள். 2020 ஊரடங்கின்போது முகக்கவசம் தைத்துக் கொடுப்பதற்காக நான்கு பேர் சேர்ந்தது, தேவை முடிந்த பிறகும் கலையாமல் நின்றுவிட்டது என்று அவர் சொன்னார்.

ஏற்பாடு எளிமையானது. நாம் மூன்று நூல் சேலைகளும் ஒரு போர்வைக்கு 1,700 ரூபாயும் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் மருத்துவமனைக்கும் மலைக் கிராமங்களுக்கும் போகும் பொருள்களுக்கான துணி, நூல், எலாஸ்டிக் எல்லாம் வாங்குகிறார்கள். உறுப்பினர்களில் பன்னிரண்டு பேர் கூலி பெறுவதில்லை. தையலையே பிழைப்பாகக் கொண்ட மூவருக்கு மட்டும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. எல்லாருமே இலவசமாகத்தான் தைக்கிறோம் என்று சொல்லியிருந்தால் கேட்பதற்கு இனிமையாக இருந்திருக்கும். இப்படி வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கணக்கைக் கேட்டதும் தயங்காமல் நீள நோட்டைத் திறந்து காட்டினார்கள். இடப்பக்கம் போர்வை வரவு, வலப்பக்கம் திருப்பூர் பனியன் துணி எத்தனை கிலோ, ஊசி எத்தனை பாக்கெட், ஆட்டோ வாடகை எவ்வளவு என்று தேதிவாரியாக எழுதியிருக்கிறது.

இனிப் போர்வைக்கு வருகிறேன். ஐந்தரை மீட்டர் சேலையிலிருந்து 90 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் எடுத்தால், ஏறத்தாழ ஒரு கஜம் மிஞ்சும். மூன்று சேலைகளில் ஆறு துண்டுகள் கிடைக்கும். அவற்றில் நைந்த ஒன்றைக் கழித்துவிட்டு ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிச்சத் துணியை ஓரப்பட்டிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் பஞ்சு எதுவும் வைப்பதில்லை. தைத்து முடித்த பிறகு அளந்து பார்த்தேன்: அகலம் 46 அங்குலம், நீளம் 88 அங்குலம், எடை ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முழுவதும் கையால் போட்ட ஓட்டத் தையல். வரிக்கு வரி ஓர் அங்குல இடைவெளி. அங்குலத்துக்கு நான்கு தையல். இதை வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. நாற்பத்தைந்து வரிகளுக்கு மேல் ஓடுகின்றன என்றால், ஒரு போர்வையில் ஏறத்தாழ நூறு மீட்டர் தூரம் ஊசி போயிருக்கிறது. தையல்களை எண்ணினால் 16,000 வரும். எவ்வளவு கைப்பழக்கம் உள்ளவராக இருந்தாலும் முப்பது மணி நேரத்துக்குக் குறையாத வேலை அது. அந்த உழைப்புக்கு 1,700 ரூபாய் என்பது விலையே அல்ல.

மிஷினில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்று மாஸ்டரிடம் கேட்டேன். "புதுத் துணின்னா ஓட்டலாமுங்க தம்பி. இது இழைஞ்ச துணி. மிஷின் நூல் இறுக்கிப் பிடிச்சதுன்னா நாலு துவையல்ல அந்த வரியிலேயே கீறிக்கும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கைத்தையலில் நூலுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் தன்மை உண்டு. துணி நீரில் சுருங்கும்போது தையலும் கூடவே சுருங்கி, போர்வை முழுவதும் சின்னச் சின்ன மேடுகளாக எழும்புகிறது. அந்த மேடுகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது.

முதல் போர்வையின் மேல்பக்கத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது மஞ்சளும் அரக்கும் கலந்த கட்டம் போட்ட சேலை. கட்டத்தின் கோட்டையே தையலுக்கு வழியாக வைத்துக்கொண்டதால் சாக்பீஸால் வரி போடும் வேலை மிச்சமாகியிருக்கிறது. 88 அங்குல நீளத்திலும் வரி ஓர் இடத்தில்கூட அலையவில்லை. வழக்கம்போல் உள்பக்கம் திருப்பினேன். முடிச்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் அடுக்குகளுக்கு நடுவே இழுத்து மறைத்திருக்கிறார்கள். கால்பக்கத்தில் ஃபால்ஸ் பிரித்த இடத்தில் சேலை நைந்திருந்தது. அதை ஒட்டுப் போட்டு மறைக்காமல், அதே நிற நூலால் இழையோட்டி நெய்ததுபோல் சரிசெய்திருந்தார்கள். ஓரப்பட்டி நான்கு மூலைகளிலும் சாய்வாக மடிந்து கூர்மையாகச் சேருகிறது. நடுவுக்குக் கொஞ்சம் இடப்புறமாக, பத்தொன்பதாவது வரியில் கை மாறியிருப்பது தெரிகிறது. அதுவரை தையல் நேராகப் படுத்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தையலும் வலப்பக்கம் மிக இலேசாகச் சாய்கிறது. இதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்; நானும் சொல்லவில்லை. இரண்டாவது கை யாருடையது என்று கேட்டபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சிரித்துக்கொண்டே இடக்கையைத் தூக்கிக் காட்டினார்.

ஏற்காட்டில் அது எப்படி வேலை செய்தது என்பதுதான் முக்கியம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரில், ஐப்பசி மழை இரவுகளுக்கு ஒரு போர்வை தாராளமாகப் போதுமானதாக இருந்தது. வேர்க்கவில்லை, விடியும்வரை கால் விறைக்கவுமில்லை. துவைத்துப் போட்டதில், மழை விட்ட நாளில் ஒன்றரை நாளிலும், தை மாத வெயிலில் பகல் பொழுதுக்குள்ளும் காய்ந்தது. ஆனால் மார்கழிக் கடைசியில் விடியற்காலைப் பனிக்கு ஒரு போர்வை போதவில்லை. அக்கா இரண்டையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். மலையில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்து ஏழு அடுக்காகக் கேட்பது நல்லது. ஏழு அடுக்கில் ஊசி இறங்காது என்று டீச்சரம்மா முதலில் மறுத்தார். நடுவில் இருக்கும் இரண்டு அடுக்குகள் மெல்லிய மல் துணியாக இருந்தால் பார்க்கலாம் என்று பிறகு இறங்கிவந்தார். சேலத்திலேயே பயன்படுத்துகிறவர்களுக்கு ஐந்து அடுக்கே அதிகம்; மின்விசிறியைப் போட்டுக்கொண்டுதான் போர்த்த முடியும்.

இரண்டாவது போர்வையில்தான் வம்பு வந்தது. அதற்கு ஓரப்பட்டியாக வைத்த அரக்குச் சேலை முதல் துவையலிலேயே சாயம் விட்டு, அடிப்பக்கத்து வெளிர் சந்தன நிறத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ரோஜா நிறம் படர்ந்துவிட்டது. ஒவ்வொரு சேலையையும் நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் பார்ப்பது அவர்களுடைய வழக்கம். ஆனால் அது பச்சைத் தண்ணீரில். அக்கா மலைக்குளிருக்குப் பயந்து வெந்நீரில் ஊறவைத்துவிட்டார். சோதனையை வெந்நீரிலும் செய்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் மறுப்பின்றி ஒப்புக்கொண்டு, ஓரப்பட்டியைப் பிரித்து வேறு பட்டி வைத்துத் தைத்ததோடு 500 ரூபாயையும் திருப்பித் தந்தார்கள். ரோஜாக் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் சாயம் நின்றிருக்கும் என்று பக்கத்து வீட்டார் எல்லாரும் அறிவுரை சொன்னார்கள். நூல் துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு என்பது உண்மை. தறியிலிருந்து இறங்கி இருபது ஆண்டுகள் கழித்து வீட்டு வாளியில் போடும் உப்பு, சரியாக ஏறாத சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. சந்தேகமான சேலையை ஐந்தாறு முறை தனியாகத் துவைத்து, சாயம் போகிற அளவுக்குப் போகவிட்ட பிறகு கொடுப்பதுதான் வழி.

என்னுடைய பெரிய மனக்குறை சாயம் அல்ல, தாமதம். ஐந்து வாரம் என்று சொன்ன வேலை பதினோரு வாரம் இழுத்தது. இடையில் ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை. நான் இரண்டு முறை நேரில் போய்த்தான் தகவல் தெரிந்துகொண்டேன். முதல் முறை போனபோது எங்கள் சேலைகள் துவைத்து மடித்தபடி அலமாரியில் இருந்தன. பதினைந்து பேரும் கைக்குழந்தைத் தொப்பி தைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று செவிலியர் சொன்னதால் போர்வை வேலையை நிறுத்திவைத்ததாகச் சொன்னார்கள். அந்த முடிவில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை ஒரு வரியில் எனக்குத் தெரிவித்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் அதுவும் வேலையின் ஒரு பகுதிதான்.

அன்று காத்திருந்த நேரத்தில் தொப்பிகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். போர்வையைவிட இந்தக் குழுவின் தகுதியை எனக்குக் காட்டியது அந்த உள்ளங்கை அளவுத் தொப்பிதான். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால்பங்கு இருக்கும். ஆகவே உடல் சூட்டில் கணிசமான பகுதி தலை வழியாகப் போய்விடுகிறது. எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும், மாதம் முடியாமல் பிறந்த குழந்தைக்கும் தொப்பி அழகுக்கானது அல்ல. தொடக்கத்தில் இவர்கள் கம்பளி நூலில் குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னல் போட்டு, பூவும் மணியும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். வார்டுச் செவிலியர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அடுத்த முறை போனபோது எல்லாவற்றையும் அதே பையில் காட்டினாராம்: கம்பளி நூலின் மயிர் உதிர்கிறது, மணி கழன்று விழும், சேலத்து வெயிலில் வேர்க்குரு வருகிறது. அதற்குப் பிறகு எதையும் தைப்பதற்கு முன் கேட்டுவிட்டுத் தைப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

இப்போது தைப்பது பனியன் துணியில், மூன்று அளவுகளில். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். மற்ற இரண்டும் அதற்குச் சிறியவை. துணியின் இழுவை தலையைச் சுற்றி வரும்படி வெட்டுகிறார்கள். நீளவாக்கில் இழுவை வந்துவிட்டால் தொப்பி மேலே ஏறிக் கழன்றுவிடும். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கிறது. பார்ப்பதற்குத் தொப்பியை உள்வெளியாக மாட்டியதுபோலத் தோன்றும். குழந்தையின் தோலில் மேடு உறுத்தக்கூடாது என்பதற்காக அப்படி. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே கல்லூரி மாணவி ஒருத்தி தைத்த தொப்பியை டீச்சரம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதப் பிரிச்சிடு கண்ணு, நெத்தியில நூல் கட்டியா நிக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் பிளேடை எடுத்துப் பிரித்தாள். கையுறை மட்டும் இவர்கள் தைப்பதே இல்லை. உள்ளே தொங்கும் ஒற்றை நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். குழந்தை எதற்காக அழுகிறது என்பதும் யாருக்கும் தெரியாது. அப்படி நடப்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஆபத்து என்று செவிலியர் விளக்கியிருக்கிறார். கையுறைக்காக வெட்டி வைத்திருந்த துணியெல்லாம் தொப்பியாகிவிட்டது.

தொப்பியோடு சேர்த்துத் தாய்மார்களுக்கான கட்டுத்துணியும் தைக்கிறார்கள். குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்துக் கட்டிவைக்கும் கங்காரு முறை, 1978இல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரத்து மருத்துவமனையில், இன்குபேட்டர் போதாத நெருக்கடியில் பிறந்தது. இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் அதற்குச் சேலை முந்தானையே போதும் என்றாலும், அறுவை சிகிச்சை முடிந்து நைட்டியில் இருக்கும் தாய்க்கு முந்தானை இல்லையே. போர்வைக்கு உதவாமல் கழித்த சேலைத் துண்டுகள் இதற்குப் போகின்றன. முடிச்சு முதுகில் விழாமல் பக்கவாட்டில் விழும்படி நாடாவை வைத்திருக்கிறார்கள். முதுகில் விழுந்தால் சாய்ந்து படுக்கும்போது குத்தும். பிள்ளை பெற்றவர்கள் யோசித்துத் தைத்தது என்பது இதில் தெரிகிறது.

எதுவும் வீணாகவில்லை என்று சொல்ல முடியாது. மேசை இழுப்பறையில் எட்டுப் பருத்தி நூல் ஆக்டோபஸ் பொம்மைகள் தூங்குகின்றன. 2013இல் டென்மார்க்கில், குறைமாதக் குழந்தைகளின் பக்கத்தில் குரோஷாவில் பின்னிய ஆக்டோபஸை வைக்கும் வழக்கம் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் கால்களைப் பற்றிக்கொள்ளும் குழந்தை, மூக்கிலும் வாயிலும் இருக்கும் குழாயைப் பிடுங்காது என்பது நம்பிக்கை. கால்கள் இழுத்தால் 22 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, அறுபது டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும் என்று அதற்குக் கறாரான விதிகள் உண்டு. கல்லூரி மாணவி யூடியூபில் பார்த்து விதிப்படி பின்னியிருக்கிறாள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகத் துவைத்து வைக்க வார்டில் வசதியில்லை என்பதால் செவிலியர் வேண்டாம் என்றுவிட்டார். அவற்றை வெளியில் விற்றிருந்தால் நல்ல விலை போயிருக்கும். குழந்தைக்காகப் பின்னியதை விற்க அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் மீனவப் பெண்கள் துண்டுத் துணியில் செய்யத் தொடங்கிய சுனாமிகா பொம்மையை நான் நினைவுபடுத்தினேன். அதுவும் விற்பனைக்கு இல்லை, கையிலிருந்து கைக்குப் பரிசாகவே போவது. அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்ததுபோல் தெரிந்தது.

மலைக்குப் போவது மாதவிடாய்த் துணிகள். பழந்துணியைக் கொண்டு இதைச் செய்யும் வழியை நாட்டுக்குப் பரவலாகக் காட்டியது, 2015இல் மகசேசே விருது பெற்ற அன்ஷு குப்தாவின் கூஞ்ச் அமைப்பு. அம்மாபேட்டைக் குழு முதலில் தைத்தது கடைகளில் கிடைப்பதைப்போல் பல அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த பட்டை. அது சேலத்து மொட்டைமாடியில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. சேர்வராயன் மலையில் மூன்று நாளாகியும் காயவில்லை. ஈரம் தங்கிய துணியைக் கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பதே மேல். இரண்டாவது முறை, உறைபோன்ற ஒரு பட்டையும் அதற்குள் மடித்து வைக்கும் ஒற்றைத் துணியும் தனித்தனியாகத் தைத்தார்கள். பிரித்துப் போட்டால் கைக்குட்டைபோல் காய்ந்துவிடும், கொடியில் தொங்கும்போது இன்ன துணி என்று பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. இந்தத் திருத்தத்தைச் சொன்னது காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் என்று டீச்சரம்மா சொன்னார். அக்காவின் வீட்டுக் கொடியில் போர்வை காய்வதைப் பற்றி நான் சொன்ன புகார்களையும் அவர் அதே நோட்டில் குறித்துக்கொண்டார்.

இவர்களுடைய வேலைகளிலேயே தேர்ந்தது எது என்று கேட்டால், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்காகப் பின்னும் செயற்கை மார்பகத்தைத்தான் சொல்வேன். 2011இல் அமெரிக்காவில் பார்பரா டெமோரெஸ்ட் என்ற பெண், தனக்கு நேர்ந்த அனுபவத்திலிருந்து தொடங்கிய இயக்கம் இது; பின்னும் முறையை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். கடைகளில் விற்கும் சிலிக்கோன் மார்பகம் விலையும் அதிகம், எடையும் அதிகம். நம் ஊர் வெயிலில் அதன் அடியில் வேர்வை ஊறும். மெல்லிய பருத்தி நூலில் வட்டமாகப் பின்னி, உள்ளே பாலியஸ்டர் பஞ்சை நிரப்பும் இந்தப் பின்னல், காயம் ஆறி மருத்துவர் அனுமதித்த பிறகு சாதாரண உள்ளாடைக்குள்ளேயே வைத்துக்கொள்ளக்கூடியது. பின்பக்கத்தில் சுருக்கு நூலை அவிழ்த்துப் பஞ்சைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். நான் பார்த்ததில் பின்னல் கண்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தன, ஒளிக்கு நேரே பிடித்தாலும் பஞ்சு தெரியவில்லை. இதைப் பின்னுகிறவர் ஒரே ஒருவர். அந்தச் சிகிச்சையை அவரே கடந்துவந்தவர் என்பதை, அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். கொடுக்கும்போது படம் எடுப்பதில்லை, பட்டியலில் பெயர் எழுதுவதில்லை. அளவை மட்டும் ஒரு சீட்டில் எழுதிச் செவிலியர் அனுப்பினால், பின்னி உறையிலிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று, மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்ததும், அந்தப் போர்வைகள் பிறகு இல்லாதவர்களுக்குப் போனதும் பலருக்கு நினைவிருக்கும். அதைப் பார்த்துத்தான் தானும் குரோஷா ஊசியை எடுத்ததாக இந்தக் குழுவில் ஒருவர் சொன்னார். அம்மாபேட்டையில் விரிப்பதற்கு அவ்வளவு இடமும் இல்லை, அந்த ஆசையும் இல்லை.

பாராட்ட முடியாத பொருளும் ஒன்று உண்டு. துணிப்பை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகும் பை தைக்காத குழுவே இல்லை. இவர்களும் தைத்து 80 ரூபாய்க்கு விற்கிறார்கள். நான் வாங்கிய பையில் மூன்று கிலோ அரிசியைப் போட்டு, பழைய பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஒரு பக்கக் கைப்பிடி கழன்றுவிட்டது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், கைப்பிடி சேரும் இடத்தில் பெட்டித் தையலும் குறுக்குத் தையலும் போடாமல் ஒற்றை வரியோடு விட்டிருக்கிறார்கள். தொப்பியின் நெற்றியில் நூல் கட்டியாக நின்றதற்காகப் பிரிக்கச் சொன்ன அதே வீட்டிலிருந்து இந்தப் பை வெளியே வந்திருக்கிறது. விற்பனைக்கென்று அவசரமாகத் தைத்தது என்று டீச்சரம்மா ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால் பையை விட்டுவிட்டு அந்த நேரத்தைப் போர்வைக்குக் கொடுக்கலாம், தாமதமாவது குறையும்.

கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். நூல் சேலை மட்டுமே வாங்குகிறார்கள். பட்டும் பாலியஸ்டரும் வேண்டாம், பாதி நூல் பாதி பாலியஸ்டரையும் கிள்ளிப் பார்த்தே கண்டுபிடித்துத் திருப்பிவிடுகிறார்கள். ஃபால்ஸைப் பிரித்து, கஞ்சி போகத் துவைத்துக் கொண்டுபோக வேண்டும். போர்வை வேண்டாம், சேலையை மட்டும் தருகிறேன் என்பவர்களிடமும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் மூட்டையாகக் கட்டிப் பழைய உள்பாவாடையும் தலையணை உறையும் சேர்த்துத் திணித்துக் கொடுப்பவர்கள்மீது மாஸ்டருக்குக் கடுங்கோபம் உண்டு. வெள்ளை, சந்தன நிறச் சேலைகளோடு அடர்நிறச் சேலையைச் சேர்த்துத் தைக்கச் சொல்பவர்கள், வெந்நீரில் சாயம் பார்த்தீர்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஐந்து வாரம் என்று சொன்னால் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கை வேர்த்து ஊசி துருப்பிடிக்கிறது என்பதால் மே மாதம் போர்வை வேலை எடுப்பதில்லை; எங்களுடைய மிச்சமுள்ள ஐந்து சேலைகளை, ஏழு அடுக்குக்கு வேண்டிய மல் துணியோடு ஜூன் முதல் சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.